கட்டன்சாயா நிறத்தில் சிறுநீர்: ஆள்சேர்ப்பு முகாமுக்குத் தயாரான ஓர் இளைஞனின் நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, அம்மா அண்டி ஆபீசில் முந்திரி உடைக்கிறவர். மகனுக்கு 19 வயது. உயரம் 170 சென்டிமீட்டர், எடை 58 கிலோ. ராணுவ ஆள்சேர்ப்பான அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். உடல்தகுதித் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் மருத்துவமனைக்கு வந்தான். இரண்டு தொடையும் வீங்கி, படியேற முடியாத நிலை. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஊர், தொழில் உள்ளிட்ட சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தது எலும்பு மருத்துவத்துக்கோ சிறுநீரகத்துக்கோ அல்ல. 'மஞ்சள் காமாலை' என்று சொல்லி அழைத்து வந்தார்கள். முந்தைய நாள் காலையில் சிறுநீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போயிருக்கிறது. அம்மா பார்த்துப் பயந்து, பக்கத்து ஊர் வைத்தியரிடம் கீழாநெல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு ஆய்வுக்கூடத்தில் கல்லீரல் பரிசோதனையும் செய்திருந்தார்கள். எஸ்.ஜி.ஓ.டி. 780, எஸ்.ஜி.பி.டி. 210. இரண்டும் நொதிகள், 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியவை. காகிதத்தில் இரண்டுக்கும் கீழே சிவப்புக் கோடு. அதைப் பார்த்தால் யாருமே கல்லீரல் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் அதே காகிதத்தில், காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் 0.8, சாதாரண அளவுதான். கண்ணில் மஞ்சள் துளியும் இல்லை. காமாலையால் சிறுநீர் அந்த அளவுக்குக் கறுக்க வேண்டுமென்றால் பிலிருபின் ஏறியிருக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. என்பது கல்லீரலுக்கு மட்டும் சொந்தமானது அல்ல, தசையிலும் நிறைய உண்டு. தசை உடைந்தால் எஸ்.ஜி.ஓ.டி. மிக அதிகமாகவும் எஸ்.ஜி.பி.டி. ஓரளவும் ஏறும். கல்லீரலும் பித்தநாளமும் பாதிக்கப்பட்டால் ஏறும் ஜி.ஜி.டி. என்ற இன்னொரு அளவு இவனுக்குச் சரியாகவே இருந்தது. நடக்கும்போது தொடையைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தவனின் கல்லீரலைத் தேடுவதில் அர்த்தமில்லை.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டை 'ரத்தம் 3+' என்று காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றிரண்டுதான். ரத்தம் இருப்பதாகப் பட்டை சொல்கிறது, ரத்த அணுக்கள் இல்லை. இந்த முரண்பாட்டுக்கு விடை மயோகுளோபின். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம் அது. தசை உடையும்போது ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறும். பட்டைக்கு அதையும் ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடனே தசையில் உள்ள நொதியான கிரியாட்டின் கைனேஸ், அதாவது சி.கே. அளவு பார்க்கச் சொன்னோம். சாதாரணமாக 200-ஐச் சுற்றி இருக்கும். இவனுக்கு 46,800.

தசை உடைந்து அதன் உள்ளடக்கம் ரத்தத்தில் கலக்கும் நோய், மருத்துவத்தில் ராப்டோமயோலிசிஸ். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 2.1, பொட்டாசியம் 5.6, ரத்த அழுத்தம் 148/92, நாடி 112. எல்லாமே அதிகம்.

இனி, என்ன நடந்தது என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கேதான் பாதி மருத்துவமே தவறிப்போகிறது. "தம்பி, மருந்து மாத்திரை வல்லதும் சாப்பிடுறியா?" என்று பணியிலிருந்த இளம் மருத்துவர் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் இல்ல சார்." அவன் பொய் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை மருந்து என்றால் நோய்க்குச் சாப்பிடுவது. அம்மாதான் இடையில் புகுந்தார்: "பொடி கலக்கிக் குடிப்பான் சார். ரெண்டு மூணு வகை உண்டு." அவன் அம்மாவை முறைத்தான். மறுநாள் அப்பா ஒரு துணிப்பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பையில் நான்கு பொருள்கள். வே புரோட்டீன் பெரிய டப்பாவில் இருந்து பிரித்து, சாதாரண பிளாஸ்டிக் பையில் கட்டியது. தசை வலுவுக்கென்று விற்கும் கிரியாட்டின் பொடி ஒரு சிறிய டப்பா, லேபிள் ஒழுங்காக இருந்தது. 'ப்ரீ வொர்க்கவுட்' (பயிற்சிக்கு முன் குடிப்பது) என்று பேனாவால் எழுதிய வெள்ளைப் பாக்கெட்டுகள், லேபிளே கிடையாது. 'கொழுப்புக் கரைக்கும்' மாத்திரை கொஞ்சம், அட்டையிலிருந்து வெட்டியது. 58 கிலோ உள்ள பையன் எந்தக் கொழுப்பைக் கரைக்கப் போகிறான் என்று கேட்டேன். "ஓடும்போது லேசா இருக்கும்னு சொன்னாவ சார்" என்றான்.

அப்புறம் தேதிவாரியாக எழுதி வாங்கினோம். எழுத்துத் தேர்வு முடிவு வந்ததும் பயிற்சியைக் கூட்டியிருக்கிறான். 1.6 கிலோமீட்டர் ஓட்டம் 5 நிமிடம் 52 விநாடிக்குக் கீழே இறங்கவில்லை, புல்லப் (கம்பியில் தொங்கி உடலைத் தூக்குவது) ஏழு. நடுவில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டான். எழுந்த உடனே, போன நாட்களை ஈடுகட்டும் வேகத்தில் மைதானத்துக்குப் போயிருக்கிறான். கிரியாட்டினை ஒரு நாளைக்கு 20 கிராம் வீதம் தொடங்கியதும் அந்த வாரம்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை, மாலை இரு வேளை. தவளைத் தாவல், உட்கார்ந்து எழும்பிக் குதிப்பது, கம்பியில் மேலே ஏறி மெல்ல இறங்குவது, அதற்கு மேல் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் திரும்பத் திரும்ப. குமரியில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாங்கும். வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது.

ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் வெறும் வயிற்றில் வெள்ளைப் பாக்கெட் இரண்டு. திங்கட்கிழமை தொடை பிடித்துக்கொண்டது. மருந்துக்கடையில் கேட்டு டைக்குளோஃபினாக் மாத்திரை வாங்கி இரண்டு நாள் போட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமையும் மைதானத்துக்குப் போய் நின்றிருக்கிறான், ஓட முடியவில்லை. புதன்கிழமை காலையில் சிறுநீர் கறுத்தது.

சிகிச்சையில் புதுமை எதுவும் இல்லை. எல்லாப் பொடியையும் வலி மாத்திரையையும் நிறுத்தினோம். நரம்பு வழியாக உப்புநீர், மணிக்கு 200 முதல் 300 மில்லி சிறுநீர் வரும் அளவுக்கு. பொட்டாசியத்துக்காக அடிக்கடி இ.சி.ஜி. தொடை இறுகி, உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரிக்கிறதா என்று சில மணிக்கொருமுறை தொட்டுப் பார்ப்பது. இரண்டாம் நாள் கிரியாட்டினின் 2.4 வரை போனபோது டயாலிசிஸ் வேண்டிவருமோ என்று யோசித்தோம், வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் சி.கே. 9,000-க்கு இறங்கியது, கிரியாட்டினின் 1.6. சிறுநீர் தெளிந்தது.

எது காரணம்? குடும்பத்தில் எல்லோருக்கும் விடை தயாராக இருந்தது: பொடி. மைதானத்து நண்பர்களும் விடை வைத்திருந்தார்கள்: காய்ச்சல், உடம்பு தாங்கவில்லை. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. என் கணிப்பு இப்படி. தசையை உடைத்தது பயிற்சி. பத்து நாள் படுத்திருந்தவன் ஒரே வார இறுதியில், தசை நீண்டபடியே சுமை தாங்கும் அசைவுகளை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறான். தவளைத் தாவலும், கம்பியிலிருந்து மெல்ல இறங்குவதும் அந்த வகை. தசை இழைகளை அதிகம் கிழிப்பவை இவைதான். படைப் பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் வாரங்களில் இந்த நோய் காணப்படுவதற்கும் திடீர்ச் சுமைதான் முக்கியக் காரணம். பொடியே தொடாதவர்களுக்கும் வரும்.

பொடி செய்த வேலை வேறு. 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொல்வதைக் காதில் விழாமல் செய்தது. ப்ரீ வொர்க்கவுட் பொடிகளின் முதுகெலும்பு காஃபீன். ஒரு கரண்டியில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை சாதாரணமாக இருக்கும். நல்ல உடல்நிலை உள்ள பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன அளவு. இவன் ஒரு வேளைக்கு இரண்டு பாக்கெட், நாளைக்கு இரு வேளை. காஃபீன் களைப்புணர்வைக் குறைக்கும், அதற்காகத்தான் ஓட்டக்காரர்கள் குடிக்கிறார்கள். களைப்பு குறைந்ததாகத் தோன்றும்போது தசை உடைவது குறைந்துவிடாது. ரத்தத்தில் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். மாலை ஐந்து மணிக்குக் குடித்தவன் இரவெல்லாம் புரண்டிருக்கிறான். தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரமும் போனது.

இந்தப் பொடிகளைக் குடித்தால் காது மடலும் உதடும் சுறுசுறுவென்று ஊசி குத்தும். 'வேலை செய்யுது' என்று பையன்கள் மகிழ்வார்கள். அது பீட்டா அலனின் என்ற அமினோ அமிலம் தோல் நரம்பைத் தூண்டுவதால் வருவது. பீட்டா அலனினால் பயன் கிடைக்க வேண்டுமென்றால் சில வாரங்கள் தினமும் எடுத்து, தசையில் சேர வேண்டும். அன்றைய ஊசிக் குத்தலுக்கும் அன்றைய ஓட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

லேபிள் இல்லாத பாக்கெட்டில் வேறு என்ன இருந்தது? பரிசோதனைக்கு அனுப்ப எங்களுக்கு வசதி இல்லை. ஊக்கிப் பொருள் கலந்த பொடிகளால் படைகளே சூடுபட்ட வரலாறு இருக்கிறது. டி.எம்.ஏ.ஏ. என்ற ஊக்கி உள்ள பொடிகளை அமெரிக்க ராணுவ முகாம்களில் இருந்த கடைகளிலேயே விற்றார்கள். உடற்பயிற்சியின்போது இரண்டு வீரர்கள் இறந்த பிறகு, 2011 கடைசியில் அவற்றை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். அங்கே பெயரும் லேபிளும் போட்ட டப்பாவுக்கே அந்த நிலை என்றால், பேனாவால் எழுதிய பாக்கெட்டை என்ன சொல்ல.

வலி மாத்திரை அடுத்த அடி. உடலில் நீர் குறைந்து, மயோகுளோபின் அடைத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை டைக்குளோஃபினாக் மேலும் குறைக்கும். நாள் கணக்கைப் பார்த்தால், சிறுநீரகத்தைக் கெடுத்ததில் பொடியைவிட இந்த மாத்திரைக்குப் பங்கு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மாத்திரையை யாரும் திட்டவில்லை. மாத்திரை எல்லார் வீட்டிலும் இருக்கிறதே.

கிரியாட்டினுக்கு வருவோம், ஏனென்றால் அதன் மேல் விழுந்த பழி பாதி அநியாயம். இருக்கும் சப்ளிமென்ட்களில் அதிகம் ஆராயப்பட்டது அதுதான். நாளைக்கு 3 முதல் 5 கிராம் என்ற அளவில் ஆரோக்கியமானவர்களின் சிறுநீரகத்தை அது கெடுப்பதாகச் சான்று இல்லை. ஆனால் உடலில் கிரியாட்டின் தானாகவே கிரியாட்டினினாக மாறும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே, ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறித் தெரியும். இந்த விஷயம் தெரியாத ஓர் ஆய்வுக்கூடக் காகிதம் வீட்டையே கலக்கிவிடும். இவனுக்கு வந்த 2.1 அந்தக் கணக்கில் வராது, அது உண்மையான பாதிப்பு. ஆனால் இரண்டு வாரம் கழித்து 1.2-ல் நின்றபோது 'இன்னும் கிட்னி சரியாகலியா?' என்று அப்பா தவித்தார். கிரியாட்டினாலும் தசையாலும் மாறாத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையைச் செய்து பார்த்தோம், சரியாக இருந்தது. ஆறு வாரத்தில் கிரியாட்டினினும் 0.9.

கெடுக்கவில்லை என்பது வேறு, இவனுக்கு உதவியதா என்பது வேறு. தேர்வு என்ன கேட்கிறது என்று பார்க்கலாம். 1.6 கிலோமீட்டர். நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் போன்ற 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், 5.31 முதல் 5.45 வரை 48, அதற்கு மேல் போனால் இன்னும் குறையும். புல்லப் பத்து எடுத்தால் 40, ஏழுக்கு 21. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவதும் வளைவுக் கட்டையில் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை.

5.30 என்றால் ஒரு சுற்றுக்கு 82 விநாடி சொச்சம். அது மூச்சும் இதயமும் செய்கிற வேலை. கிரியாட்டின் உதவுவது பத்துப் பதினைந்து விநாடி வெடிவேக வேலைக்கு. தசைக்குள் நீரைச் சேர்த்து ஒன்றிரண்டு கிலோ எடையையும் கூட்டும். இவன் எடை ஒரே வாரத்தில் 60 ஆகியிருந்தது. 'உடம்பு ஏறுது' என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். அந்த இரண்டு கிலோவைச் சுமந்துகொண்டுதான் நான்கு சுற்றும் ஓட வேண்டும், கம்பியிலும் தூக்க வேண்டும். பளுதூக்குபவனுக்குப் பொருந்துகிற பொடியை ஓட்டக்காரனுக்கு விற்றிருக்கிறார்கள்.

வே புரோட்டீனில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பாலிலிருந்து எடுத்த புரதம்தான். கோபம் கலப்படத்தின் மேல். 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், கேரள மருத்துவர்களும் பங்கேற்றது அது, சுமார் 70 சதவீதப் பொடிகளில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. சிலவற்றில் போட்டதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சு. டப்பாவாக வாங்கியவற்றின் நிலையே இது. அதே ஆண்டில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு ஏற்றப் புரதப் பொடி வேண்டாம் என்றே சொன்னது.

கடும் பயிற்சி செய்கிறவனுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். இவனுக்கு 95 கிராம் என்று வைத்தோம். அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று முட்டை 18 கிராம், 150 கிராம் சாளை மீன் 30, அரை லிட்டர் பால் 16, ஒரு கைப்பிடி நிலக்கடலை 12, கஞ்சிக்கு வேகவைக்கும் சிறுபயறு 50 கிராமில் 12. சோற்றைச் சேர்க்காமலே 88. "இதெல்லாம் வீட்ல உள்ளதுதானே" என்றார். உள்ளதுதான், ஆனால் மரச்சீனிக் கிழங்கு நிறையவும் மீன் ஒரு துண்டும் என்ற பங்கீட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. பொடிக்கு மாதம் போன மூவாயிரத்துச் சொச்சத்தில் முட்டையும் பாலும் வாங்கி மிச்சமே இருக்கும். ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் மட்டிப்பழம் இரண்டு.

இவன் ஊசி பக்கம் போகவில்லை, அதுவரை நல்லது. மெஃபென்டர்மின் என்ற, அறுவை அரங்கில் சரிந்த ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தை ஜிம் வட்டாரத்தில் சிலர் கைமாற்றுகிறார்கள். அது இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கி ஆளையே எடுக்கக்கூடியது. ஆள்சேர்ப்பு அறிவிக்கையிலும் ஊக்கமருந்துக்குத் தடை என்று போட்டிருக்கிறது. லேபிள் இல்லாத பாக்கெட்டைக் குடிப்பவனுக்குத் தான் தடையை மீறுகிறோமா என்றே தெரியாது. வாங்கினால் உரிமம் பெற்ற டப்பாவை மூடி முத்திரையோடு வாங்கு, அதில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா பார் என்று சொன்னேன். எண் இருந்தால் உள்ளே இருப்பது சரி என்று அர்த்தமல்ல, புகார் கொடுக்க ஒரு முகவரி இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த முகாமுக்கு அவன் போகவில்லை. போவேன் என்று படுக்கையிலேயே அடம்பிடித்தான். சி.கே. இறங்காதவனைத் தடத்தில் விட்டால் இரண்டாவது முறை சிறுநீரகம் இந்த அளவுக்கு இடம் கொடுக்காது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பால்வெட்டுக்குப் போகும் நேரத்தில், விடியற்காலையில், மகனைத் தொலைபேசியில் திட்டிச் சம்மதிக்க வைத்தார். வயது வரம்பில் இன்னும் இடம் இருந்தது.

திரும்ப ஓடியது படிப்படியாக. சி.கே. சாதாரண அளவின் ஐந்து மடங்குக்குக் கீழே வரும் வரை நடை மட்டும். அப்புறம் இரண்டு வாரம் மெல்லோட்டம், குதிப்பது கிடையாது. வாரத்துக்கு வாரம் சுமையைக் கொஞ்சமாகக் கூட்டி, தவளைத் தாவலைக் கடைசியில் சேர்த்தோம். அவன் மைதானத்தில் பயிற்சி கொடுக்கும் முன்னாள் ராணுவ வீரரான மாஸ்டரிடம் நானே பேசினேன். அவர் போட்ட திட்டம் எளிமையானது: வாரத்தில் இரண்டு நாள் 400 மீட்டரை 82 விநாடியில் ஓடி, நடந்து மூச்சு வாங்கி, மறுபடி ஓடுவது. மற்ற நாட்களில் பேச முடிகிற வேகத்தில் நீண்ட ஓட்டம். காய்ச்சல் வந்து எழுந்தவன் முதல் வாரம் பாதிச் சுமைதான் என்று இப்போது அவர் எல்லாப் பையன்களிடமும் சொல்கிறாராம்.

கடைசியாகப் பார்க்க வந்தபோது ஓட்டம் 5.38, புல்லப் ஒன்பது, எடை 59. முகாமில் நள்ளிரவு தாண்டியே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், தூக்கம் வருமே, காப்பியாவது குடிக்கலாமா என்று கேட்டான். ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு காப்பி தாராளமாகக் குடி, ஆனால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குடித்துப் பார்க்காதே, மைதானத்தில் நாலைந்து தடவை குடித்து ஓடி வயிறு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள் என்றேன். சரி சார் என்று எழுதி வைத்துக்கொண்டான்.